டயருக்குப் பல் பார்த்த அக்கா

நான் முதன்முதலாகப் பார்த்தபோது அக்கா என் காரின் முன்சக்கரத்தைத் திருடிக்கொண்டிருந்தார். அப்படித்தான் நினைத்தேன். ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் அவென்யூவில் மளிகைக் கடையை விட்டு ஒரு கையில் கறிவேப்பிலையும் மறுகையில் முருங்கைக்காயுமாக வெளியே வருகிறேன். பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் வண்டியருகே குத்தவைத்து உட்கார்ந்து, மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை டயருக்குள் விட்டுக் குடைந்துகொண்டிருக்கிறார். திருடனைக் கண்டால் கத்த வேண்டும் என்பது தெரியும். பட்டுச்சேலைத் திருடியைக் கண்டால் என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. முருங்கைக்காயை ஓங்கியபடி நின்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்க வண்டியாக்கும்?" என்றார். ஆமாம் என்றேன். உள்பக்கம் மொழுக்கென்று ஆகிவிட்டது, வெளிப்பக்கம் மட்டும்தான் பல் நிற்கிறது என்று டயரைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கம்பியைக் கைக்குட்டையில் துடைத்தார். "இதை வச்சுக்கிட்டு மழையில போனா, கறிவேப்பிலை மட்டுந்தான் வீடு வந்து சேரும்."

அந்தக் கம்பி பல் டாக்டர்களுடையது. ஈறில் எவ்வளவு ஆழம் குழி விழுந்திருக்கிறது என்று பார்க்க வாய்க்குள் விடுவார்களே, நுனியில் மில்லிமீட்டர் கோடு போட்டது, அது. டயருக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தார் என்றுதான் நம்புகிறேன். பிற்பாடு நானும் அவரிடம் பல் காட்டியிருக்கிறேன். கேட்கத் துணிந்ததில்லை.

நாகர்கோவில்காரர். வரி கணக்குப் போடுகிறவர் கடைக்கும் சேலைக் கடைக்கும் நடுவே கிளினிக் வைத்திருந்தார். எங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர் என்பதால் எங்கள் செட்டில் எல்லோருக்கும் டாக்டரக்கா, எங்கள் பிள்ளைகளுக்கு ஆன்ட்டி. சில வருஷங்களுக்கு முன் கிளினிக்கை விற்றுவிட்டு மகனோடு அரிசோனாவுக்குப் போய்விட்டார். அங்கே வெயிலில் டயர் பாளம் பாளமாக வெடிக்கும் என்று கேள்வி. அந்த மாநிலத்துப் பார்க்கிங் லாட்டுகளை நினைத்து அவ்வப்போது பரிதாபப்படுகிறேன்.

அக்காவுக்குப் புதுசு என்றால் ஆகாது. ஆகாது என்றால் பிடிக்காது என்றில்லை, நம்பமாட்டார். எந்தப் பொருளையும் கொஞ்சம் அடிபட்ட பிறகு பார்த்தால்தான் அதன் குணம் தெரியும் என்பது அவர் கட்சி. "புதுப்பல்லு கட்டின அன்னைக்கு எல்லாவனும் சிரிக்கான். முறுக்கு தின்ன பொறவு சிரிக்கானான்னு பாக்கணும்" என்பார்.

நாங்கள் வீடு வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது, பளபளவென்று காகிதம் சுற்றிய பெரிய பெட்டியோடு வந்தார். என் மனைவி ஆசையாகப் பிரித்தாள். உள்ளே மிக்ஸி. ஜாரின் விளிம்பில் மஞ்சள் கறை. பிடியில் சின்னக் கீறல். இரண்டு வருஷமாகத் தன் வீட்டில் அரைத்துப் பார்த்ததாகவும், தேங்காய்க்கும் உளுந்துக்கும் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை என்றும், தனக்கு இனிமேல்தான் புதுசு வாங்கிச் சோதிக்க வேண்டும் என்றும் ஒரு தியாகியின் குரலில் சொன்னார். மனைவி சிரித்தபடியே வாங்கிக்கொண்டாள். அவர் போனபிறகு என்னிடம், "அடுத்தது புடவையா இருக்கும், அதையும் கட்டிப் பாத்துட்டுத்தான் குடுப்பாங்க" என்றாள். அந்த மிக்ஸி இன்னும் ஓடுகிறது. மற்றவர்கள் பெட்டி பிரிக்காமல் தந்த மூன்று குக்கர்களில் எதற்கும் விசில் வருவதில்லை.

நண்பர் ஒருவர் தன் தங்கைக்கு டாலஸில் ஒரு மாப்பிள்ளை பார்த்தார். பையன் வந்தான், பேசினான், பாட்டுக்கூடப் பாடினான். எல்லோரும் பையனைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா வாசலுக்குப் போய் அவன் கழற்றி வைத்திருந்த செருப்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "குதிகால் ஒரே சீராத் தேஞ்சிருக்கு, அவசரக்காரன் இல்ல" என்று தீர்ப்பு வழங்கினார். கல்யாணம் நடந்தது. அது அவனுடைய அண்ணனின் செருப்பு என்று பிறகு தெரிந்தது. அக்கா அசரவில்லை. அண்ணன் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு பெண் பார்க்க வருகிறவன் ரொம்ப நல்லவனாகத்தான் இருப்பான் என்றார். இன்றுவரை நல்லவனாகத்தான் இருக்கிறான்.

இப்படி ஏன் என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். "நான் புதுசுல ஒரு தடவை ஏமாந்தவ, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். மகனைத் தனியாக வளர்த்தவர். நாங்களும் ரசத்தை ஊற்றிக்கொண்டோம். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். வந்தால் என் மானம் போகும், பரவாயில்லை.

என் மகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே மாட்டேன் என்று ஹூஸ்டனிலேயே காலேஜ் முடித்தவள். காரணம் நான்தான். பதினாறு வயதில் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். நான் போட்ட சத்தத்தில் அவள் வண்டியைத் தெருநடுவில் நிறுத்திவிட்டு இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு ஆஸ்டினில் வேலை கிடைத்தது. எனக்குத் தெரியாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். அதோடு நிறுத்தினாளா? இரண்டு கதவு மட்டும் வைத்த சின்னச் சிவப்புக் கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள். ரேஸ் ஓட்டுகிறவன் விற்றது போலிருந்தது. நாலு டயரும் வழுக்கைத் தலை.

இந்த வண்டிக்கு வெயிலுக்கும் மழைக்கும் ஆன, பனிக்கு மட்டும் ஆகாத சம்மர் டயர்தான் போட வேண்டுமாம். இருபது நாளில் ஆஸ்டினில் வேலைக்குச் சேர வேண்டும். ஜூன் மாதம். ஹூஸ்டன் ஜூனில் மழை எப்படிப் பெய்யும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நல்ல வெயிலில் ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருக்கும்போதே யாரோ அண்டாவைக் கவிழ்த்ததுபோல் கொட்டும், முன்னால் போகிற வண்டி மறைந்துவிடும். அந்தத் தண்ணீரில், அந்தச் சிவப்பு டப்பாவில், என் ஒரே பெண், தன்னந்தனியாக. பயம் வந்தால் நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன்: இன்டர்நெட்டில் ரிவ்யூ படித்தேன்.

ஒரு வாரத்துக்குள் டயர் உலகில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நிலைக்கு வந்தேன், அதனால் எதையும் முடிவு செய்ய முடியவில்லை. ஜப்பான் டயர் ஒன்று, கொரியா டயர் ஒன்று, பிரான்ஸ் டயர் ஒன்று என்று கடைசிச் சுற்றில் மூன்று நின்றன. ஜப்பான்காரன் ரெட்டிப்பு நாள் உழைப்பான், வாரன்டி எழுதித் தருகிறான். கொரியாக்காரன் சத்தம் போடமாட்டான். பிரெஞ்சுக்காரன் ஈரத்தில் நிற்பான், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடுவான். மினசோட்டாவில் ஒருவர் மூன்றுக்கும் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். சம்மர் டயரைப் போட்டுக்கொண்டு பனியில் போய் மூன்று தடவையும் அதே கம்பத்தில் முட்டியிருக்கிறார். அந்த மனிதரின் விமர்சனத்தையும் நான் அச்செடுத்து வைத்திருந்தேன்.

தமிழ்ச் சங்க வாட்ஸப் குழுவிலும் கேட்டேன். எந்த டயர் நல்லது என்ற கேள்விக்கு ஒருவர் எலுமிச்சம்பழம் என்று பதில் போட்டார். சக்கரத்துக்கு ஒன்று வீதம் நாலு வைத்து ஏற்ற வேண்டுமாம். டெக்சாஸ் எலுமிச்சையா கலிஃபோர்னியாவா என்று அதிலும் இருவர் சண்டையைத் தொடங்கினார்கள்.

மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏங்க, நீங்க டயர் செலக்ட் பண்ற வேகத்துல அவளுக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும். அதுக்குத்தானே பண்றீங்க?" என்றாள். அப்படியெல்லாம் இல்லை, சேஃப்டி என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றேன். அவள் டாக்டரக்காவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள்.

கிளினிக்குக்கு வரச்சொன்ன அக்கா, நான் அச்செடுத்துக் கொண்டுபோன காகிதங்களைத் தொடக்கூட இல்லை. "இதை எழுதினவன் எல்லாம் எப்ப எழுதினான்? வாங்கின மாசத்துல எழுதினான். சர்ச்சுக்கு வா, ஞாயித்துக்கிழமை" என்றார்.

நான் வருஷத்துக்கு ஒருமுறை பெருமாள் கோவிலுக்குப் போகிறவன். டயருக்காகத் தமிழ்ச் சபை ஆராதனைக்குப் போனேன். பிரசங்கம் ஆரம்பித்ததும் அக்கா என் முழங்கையில் இடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். அந்த நேரத்தில்தான் வண்டி எதுவும் அசையாது, பிரசங்கியார் நல்லபடி நீட்டுகிறவர் என்றார். வரிசை வரிசையாக நின்ற கார்களில் ஜப்பான், கொரியா, பிரான்ஸ் என்று நம் மூன்று டயர்களையும் தேடினோம். புதுசாக இருந்தால் தாண்டிப் போய்விடுவார். பாதி உயிர் போனதாகக் கண்டால் உடனே குத்தவைத்து உட்கார்ந்து கம்பியை விடுவார். நான் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நாங்கள் முழந்தாளிட்டு ஜெபிப்பதாக நினைத்திருப்பார்கள். என்னைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. டெக்சாஸில் அடுத்தவன் வண்டிப் பக்கத்தில் குனிந்தால் நிமிர்வது நிச்சயமில்லை.

"ஈறுல ஆழம் இருந்தா நோய். டயர்ல ஆழம் இருந்தா ஆரோக்கியம். எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும் எல்லாம் தலைகீழாக்கும்" என்று சிரித்தார்.

ஜப்பான்காரனின் டயர் ஒன்று கிடைத்தது. பல் அப்படியே இருந்தது, ஆனால் பள்ளத்துக்குள் மெல்லிய வெடிப்பு. கொரியாக்காரன் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தான். பிரெஞ்சுக்காரன் சபையில் ஒருவரிடமும் இல்லை. சீக்கிரம் தேய்கிற பொருளை நம்மவர்கள் வாங்குவார்களா? பக்கத்துச் சாமான் கடையின் பார்க்கிங்கில்தான் அவன் அகப்பட்டான், ஒரு கறுப்பு ஸ்போர்ட்ஸ் காரின் அடியில். அக்கா உட்கார்ந்துவிட்டார்.

அப்போது எங்கள் மேல் நிழல் விழுந்தது. தொப்பி, பூட்ஸ், எங்கள் கராஜ் கதவளவு தோள். என்ன வேண்டும் என்று கேட்டான். இந்த ஊரில் இந்தக் கேள்வி வந்தால் முதலில் கேட்டவன் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். இருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமும் ஆவியாகிவிட்டது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "ஐ ஆம் வித் த டென்டிஸ்ட்" என்றேன். முப்பது வருஷம் சாஃப்ட்வேர் எழுதிய ஒருவன் உயிர்போகும் நேரத்தில் பேசிய கடைசி வாக்கியமாக அது இருந்திருக்கும்.

அக்கா உட்கார்ந்தபடியே அண்ணாந்து, "வென் யூ பிரேக் இன் ரெயின், இட் ஈஸ் கோயிங் வேர்?" என்றார்.

அந்த மனிதன் தானும் குத்தவைத்து உட்கார்ந்தான். வாழ்க்கையில் யாரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. எங்கும் போகாது, நினைத்த இடத்தில் நிற்கும் என்றான். ஆனால் சனியன், ஒரு கோடை இரண்டு கோடையில் தின்று தீர்த்துவிடுகிறது, கடைக்காரனிடம் போய்ச் சண்டைகூடப் போட்டேன் என்றான். அப்புறம் வேறு டயர் மாற்றினாயா என்று அக்கா கேட்டார். இல்லை, அதையேதான் மூன்றாவது தடவையாகப் போட்டிருக்கிறேன் என்றான். போகும்போது, மேல்வரிசைக் கடைவாய்ப்பல் ஒன்று அவனுக்கு வலிக்குமே என்று அக்கா சொல்ல, அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு கிளினிக் விலாசம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

திரும்பி நடக்கும்போது அக்காவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "ஏசிக்கிட்டே திரும்பத் திரும்ப வாங்குதான் பாத்தியா. அதாக்கும் சர்டிஃபிகேட்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. "அக்கா, சீக்கிரம் தேஞ்சுடும்னு அவனே சொல்றான். ஜப்பான்காரன் வாரன்டி தர்றான்."

"தேயாம இருக்குன்னா தரையைச் சரியாப் பிடிக்கலன்னு அர்த்தம் தம்பி. ரப்பர் மெதுவா இருந்தாத்தான் ஒட்டும், ஒட்டினா தேயும். நீ பொண்ணுக்கு டயர் வாங்குதியா, பேங்க்ல டெபாசிட் போடுதியா?"

இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாதா என்று கேட்க வாயெடுத்தேன். முழுங்கிக்கொண்டேன். பிரெஞ்சுக்காரனை வாங்கினோம். ஆஸ்டினில் எப்போதாவது ஐஸ் விழுகிற அன்று மட்டும் வண்டியைத் தொடவே கூடாது என்று என் மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார் அக்கா.

பிரச்சினை அதோடு தீரவில்லை. டயர் இப்போது புதுசாகிவிட்டதே. வார்க்கும் அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசும் வழுவழுப்பு புது டயரில் இருக்குமாம், அது போகிற வரைக்கும் பிள்ளை மழையில் ஓட்டக்கூடாதாம், அப்பன்காரன் ஓட்டித் தேய்க்க வேண்டுமாம். தொப்பையை ஸ்டியரிங்குக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு தினமும் அந்தச் சிவப்பு டப்பாவில் ஆபீஸ் போனேன். இறங்கும்போது யாராவது கை கொடுத்து இழுக்க வேண்டும். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வீட்டில் எல்லாம் சௌக்கியமா, மனைவி கூடத்தான் இருக்கிறாரா என்று விசாரித்தார்.

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் வானம் கறுத்தது. நான் ஜன்னலை மூடிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. "பொண்ணைக் கூட்டிட்டு சர்ச் பார்க்கிங்குக்கு வா, மழை வருது" என்றார் அக்கா, கல்யாணத்துக்கு அழைக்கிற குரலில்.

பார்க்கிங் லாட்டில் ஒரு வண்டி இல்லை. தண்ணீர் செருப்பு நனையும் அளவு ஓடியது. மகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள், நான் பக்கத்தில். பின்சீட் என்ற பெயரில் அந்த வண்டியில் இருந்த இடுக்கில் அக்கா முழங்காலை மடக்கித் தாடைக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். நாற்பது மைல் வேகத்தில் போய், மூன்றாவது விளக்குக் கம்பத்தில் பிரேக்கை அழுத்த வேண்டும். அதுதான் பரீட்சை.

மகள் கிளம்பினாள். இரண்டாவது கம்பம் வருவதற்குள் நான் "பிரேக்கு, பிரேக்கு" என்று அலறிவிட்டேன். அவள் பதறி அழுத்தினாள், வண்டி உதறிக்கொண்டு கோணலாக நின்றது. மறுபடி போனோம். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டேன், ஆனால் கை தானாக ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துவிட்டது. வண்டி பாதி வட்டம் போட்டுச் சபையின் அறிவிப்புப் பலகைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. "அப்பா, யூ ஆர் கோயிங் டு கில் அஸ்" என்றாள் மகள், அழுகைக்குப் பக்கத்தில் போய்விட்ட குரலில். பார்த்தாயா, மழையில் இந்த வண்டி ஆகாது, பஸ்ஸில் போகலாம், நானே கொண்டுவிடுகிறேன் என்று நான் மூச்சுவிடாமல் பேசினேன்.

பின்னாலிருந்து நிதானமாகக் குரல் வந்தது. "தம்பி, டயர்ல கோளாறு இல்ல. பிள்ளைகிட்டயும் கோளாறு இல்ல. நீ இறங்கு."

"மழை கொட்டுது அக்கா."

"அதுக்குத்தானே வந்தோம். இறங்கு."

இறங்கினேன். குடை தருவார் என்று ஒரு விநாடி நின்றேன். அதற்குப் பதிலாக அவர் முன்சீட்டை மடக்கி, மூச்சிரைக்க வெளியே வந்து, என் இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். "போ மக்களே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

சபை வராந்தாவுக்கு ஓடிப்போய் ஒதுங்கி நின்று பார்த்தேன். சிவப்பு வண்டி தண்ணீரை இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விசிறிக்கொண்டு வந்தது. மூன்றாவது கம்பம். மூக்கு லேசாகத் தாழ்ந்தது, நேராக நின்றது. திரும்பிப் போய் மறுபடி வந்தது. அதே கம்பம், அதே இடம். இன்னொரு தடவையும் அதே இடம். கண்ணாடிக்குள் அக்கா ஏதோ கதை சொல்வதும் என் மகள் சிரிப்பதும் தெரிந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும்போது அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுத்த சுற்றில் என்னை ஏற்றிக்கொள்வார்கள் என்று வராந்தா விளிம்புக்கு வந்தேன். வண்டி என்னைத் தாண்டி வாசல் கேட்டை நோக்கிப் போனது. இண்டிகேட்டர் போட்டது, ஃப்ரீவேயை ஒட்டி ஓடும் ஃபீடர் ரோட்டில் இறங்கியது, அங்கிருந்து ஃப்ரீவேயில் ஏறியது. எதைக் கொடுத்தாலும் பழசாகட்டும் பார்க்கலாம் என்கிற மனுஷி, மை காயாத லைசென்ஸ் வைத்திருக்கிற பெண்ணின் பக்கத்தில், அந்த மழையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போகிறார். கத்தினேன். இடி என்னைவிடச் சத்தமாக இருந்தது.

மனைவிக்குப் போன் போட்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்றாள். சர்ச் வாசலில் என்றேன்.

"வண்டி?"

"ஃப்ரீவேல போயிடுச்சு. பாப்பா ஓட்டறா. பக்கத்துல அக்கா."

அந்தப் பக்கம் அவள் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்ப டயர் நல்லா இருக்கு" என்றாள்.